மூன்றாவது அப்பம்

கஞ்சித்தண்ணீர் முழுவதும் இறங்கியதும் அவள் குழாயின் வாயை மூடினாள்.

குழாய் அக்காவின் மூக்கு வழியாக உள்ளே போகிறது. தொண்டையில் கட்டி. வாய்வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் புரையேறிவிடும். நர்சாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவளுக்கு அது தெரியும்.

அக்காவுக்குத்தான் புரிய மாட்டேன் என்கிறது.

"நற்கருணை எடுக்கணும்." காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். குரல் போய்விட்டது. வெறும் காற்று.

போதகர் வந்துவிட்டார். இளவயது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டிலருகே இருந்த ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி விரித்தார். சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சை ரசம். தட்டில் நற்கருணைக்கான மூன்று அப்பம். காகிதம் போல மெலிந்தவை.

"இறங்காது ஐயா," என்றாள் அவள்.

"தெரியும்மா. வாயில வைக்க வேண்டாம். முடியாதவங்க மனசார ஆசைப்பட்டாலே எடுத்ததுதான். ஜெபப்புத்தகத்துலயே இருக்கு."

அக்கா தட்டைப் பார்த்தாள். பிறகு அவரை. தலைமை ஆசிரியையாக இருந்த காலத்துப் பார்வை.

"அப்ப மூணு எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு. உங்க பங்கு இல்லாம எப்படி டீச்சர் வர்றது? அப்புறம் தங்கச்சிக்கு. இது தனியா சாப்பிடுற விருந்து இல்லயே. வீட்டுல ஒருத்தராவது கூட எடுக்கணும்."

"அவ எடுக்க மாட்டா."

போதகர் ஊருக்குப் புதியவர். அவருக்குத் தெரியாது.

அவள் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். பாட்டும் பாடுவாள். அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் நற்கருணை எடுக்கக் கிட்டே வரலாம் என்று அழைக்கும் இடத்தில் மட்டும், கால்களை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிடுவாள். வரிசை காலியாகும். பீடத்தின் முன் பந்தியில் முழங்கால் போட்டிருக்கும் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள்.

அம்மா இறந்தபோது அவள் மதுரையில் நர்சிங் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடிக்கட்டும் என்று அக்கா சொல்லி அனுப்பவில்லை.

அவள் வந்து பார்த்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண்ணின் ஈரம் காய்ந்திருந்தது.

சண்டை வரவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, டிவியில் ஒரே செய்தி. அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள்.

"ஏட்டி."

அவள் திரும்பினாள்.

"யார் மேல கோவம்னு நான் இத்தன வருசமா கேக்கல." அக்கா மூச்சு வாங்கினாள். "அம்மா விசயமா?"

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தெரிந்துகொண்டு போகவேண்டும் என்ற ஆவல் மட்டும் இருந்தது.

"ம்."

அக்கா தலையை மெல்ல அசைத்தாள். வெகுநாள் விடுபட்டிருந்த ஒரு கணக்குக்கு விடை கிடைத்ததைப் போல.

"பரீச்சைய நெனச்சேன்," என்றாள். "உன்னய நெனைக்கல."

போதகர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளவில்லை.

அவள் உள்ளே போனாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி விழுந்தது.

அக்காவின் கண்கள் கதவிலேயே இருந்தன.

முகம் கழுவி, தலையில் முக்காடிட்டு, அவள் வந்தாள். கட்டிலோரம் முழங்கால் போட்டாள். முட்டி சொடுக்கியது.

"கிழவி ஆயிட்டட்டி," என்றாள் அக்கா.

"சும்மா கிட அக்கா."

போதகர் வாசிக்கத் தொடங்கினார். சமாதானமாக இருக்கிறவர்களை அழைக்கும் இடம் வந்தது. கால்களை ஒதுக்கிக்கொள்ள அங்கே வரிசை இல்லை. அவள் அப்படியே இருந்தாள்.

அவர் தம்முடையதை உட்கொண்டார். அவளுடைய உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிண்ணம் வந்தது. இனிப்பும் கசப்பும்.

"என்ன ருசி?" அக்கா கேட்டாள்.

"சப்புனு இருக்கு. எப்பவும் போல."

"எப்பவும் போலயா? தின்னு எத்தன காலமாச்சு."

போதகர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு மூன்றாவது அப்பத்தை அக்காவின் கண்முன் உயர்த்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கா ஆமென் என்றாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

அப்பம் தட்டுக்குத் திரும்பியது.

அதை மிச்சம் வைக்கக் கூடாது. அவரே உட்கொண்டுவிட வேண்டும். விரல்களால் எடுத்தார்.

அவள் மறுபடி கைகளை நீட்டினாள்.

"அக்காவோடது," என்றாள்.

அவர் தயங்கினார். இதற்குப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அக்காவைப் பார்த்தார்.

அக்கா தாடையால் அவளைக் காட்டினாள்.

வைத்தார்.

அவள் மெல்லவில்லை. நாக்கில் கரையும்வரை காத்திருந்தாள். அக்கா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விழுங்கினாள்.

அக்காவின் தொண்டை மேலேறி இறங்கியது.

உடனே அவள் கை தன்னையறியாமல் அக்காவின் முதுகுக்குப் போயிற்று, தட்டிக்கொடுக்க. இருமல் வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் அக்காவின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் இன்னும் காத்திருந்தாள்.