இன்னும் ஒரே ஒரு வீடு

“இன்னும் ஒரே ஒரு வீடு காட்டிடுங்க, ஐயா” என்று கெஞ்சினேன்.

“பாலத்தோட முடிஞ்சுதும்மா. எல்லாரும் கெளம்புங்க” என்று வழிகாட்டி ஓட்மார் சிவப்புக் குடையைத் தாழ்த்தினார்.

ஜெர்மனியில், பாம்பெர்க்கின் பழைய நகரம் முழுக்க மழையில் அவர் பின்னால் நடந்திருந்தோம். என்னோடு வந்த ரொட்டிக்கடை ஹெட்விக்குக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

“விட்டுடாதடி, ஆத்துப்பக்கம் திரும்புறார்” என்று கிசுகிசுத்தாள்.

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

“தோல்காரர் சந்துல பச்சைக் கதவு வீடு ஒண்ணு இருக்காமே? அந்தக் கதையை உங்களை விட்டா யாரு சொல்லுவா?”

அவர் முகம் மலர்ந்தது. குடை உயர்ந்தது.

“வாங்க, வாங்க! சிதறாம வாங்க!”

பச்சைக் கதவின் முன் நின்று, வீட்டைக் கட்டிய வியாபாரியின் கதையை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்.

“இப்ப யாரு குடியிருக்காங்க?” தினமும் கேட்கிற கேள்விதான்.

“அது தெரியாதும்மா.”

பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பதறிப்போனார்.

“அட, உங்க வீடா? முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு உள்ள வந்தா உங்க புருஷன் என்ன நெனைப்பார்?”

“அவர் எதையும் நெனைக்க மாட்டார்” என்றேன்.

அதற்குள் அவருடைய கால்கள், ஈரக் காலணிகளை உதறிவிட்டு, கதவோரம் கிடந்த தம் பழைய வீட்டுச் செருப்புக்குள் தாமாகவே நுழைந்திருந்தன.