நாலாவது தட்டு

கறிக்கடைக்காரர் கண்கட்டை இன்னொரு சுற்று இறுக்கி முடிச்சுப் போட்டார். நாற்காலியில் இருந்தவன் அசையவில்லை. அவன் முகத்துக்கு நேரே மேசைமேல் கத்தி கிடந்தது.

"தப்பாச் சொன்னா வந்த வழியே போயிடணும். அப்புறம் இந்தத் தெருவிலயே உன்னைப் பாக்கக் கூடாது."

"சரிங்க சார்."

ஆறு மாதத்துக்கு முன் கடைத் தராசைப் பழுதுபார்க்க வந்தவன் அவன். தராசு அன்றே சரியாகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மகள்தான் சரியாகவில்லை. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கறிக்கடைக்காரர் அவனிடம் சம்பளம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. நாக்கு எப்படி என்றுதான் கேட்டார். மூன்று தலைமுறையாக மாடு அறுக்கும் குடும்பம். கறி தெரியாதவனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டு, நாளைக்குச் செத்த பிறகு அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

இன்று சனிக்கிழமை. மனைவியை அடுப்புப் பக்கமே விடாமல், உப்பு மட்டும் போட்டு, தடிமனாக நறுக்கிய ஸ்டேக் துண்டுகளை இரும்புச் சட்டியில் அவரே சுட்டெடுத்தார்.

"எந்த இடத்துக் கறின்னு சொல்லணும். கடைசியில எது உசத்தின்னும் சொல்லணும்."

அவன் முதல் துண்டை மென்றான். "பல்லுக்கு வேலையே இல்ல. ருசியும் அவ்வளவா இல்ல. உள்முதுகு."

"ம். காய்ச்சல்காரங்க வாங்குறது. அடுத்தது?"

"கொழுப்பு நல்லா ஊறியிருக்கு. விலா."

மூன்றாவதை வெகுநேரம் மென்றான். "தொடை சார்."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தாடை வலிக்குது."

கறிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "தொடை பல்லு இருக்கிறவனுக்கு. நாக்கு இருக்கிறவன் தொடமாட்டான். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டு அடுப்புல அது ஏறுனதே கிடையாது."

வாசற்படியில் நின்ற மனைவிக்குத் திடீரென்று தண்ணீர் எடுத்துவரும் ஞாபகம் வந்தது. உள்ளே போனாள்.

கறிக்கடைக்காரர் அலமாரியைத் திறந்து, யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்திருந்த நாலாவது தட்டை எடுத்தார். அதைக் கண்டதும் சுவரோரம் நின்ற மகள் முகம் சுருங்கியது.

அந்தத் தட்டில்தான் குடும்ப மானம் இருந்தது. விலாக்கூட்டுக்குள் தொங்கும் சின்னச் சதை. ஒரு மாட்டுக்கு ஒன்றே ஒன்று. கடையில் அறுப்பது வாரம் ஒரு மாடு. அந்தத் துண்டைத் தாத்தா காலத்திலிருந்து வெளியாள் யாருக்கும் விற்றதில்லை. பெரிய மனிதர்கள் ஆள் விட்டுக் கேட்டும் தந்ததில்லை.

சனிக்கிழமைதோறும் அவரே அதை அறுத்து, தாளில் சுற்றி, மகள் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். மத்தியானம் வந்து கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். "நாக்குல வெச்சதுமே தெரியுது பாரு," என்பார்.

இன்று சுடும்போதும் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். ஏதோ பழக்கமில்லாத ருசியாகப் பட்டது. மனைவியின் கைப்பக்குவம் தனக்கு வராது என்று விட்டுவிட்டார்.

தராசுக்காரன் ஒரு வாய் மென்றான். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"விலாக்கூட்டுக்குள்ள தொங்குமே, அந்தத் துண்டு. இதுதான் சார் உசத்தி. மத்த மூணும் இதுக்குக் கிட்டவே வராது."

கறிக்கடைக்காரர் கத்தியை ஓரமாகத் தள்ளிவைத்தார். விற்காத கறி. ஊரில் வேறெவனும் ருசித்திருக்க வழியே இல்லை. இது பிறவி நாக்கு. அப்பா இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

தன் கையாலேயே கண்கட்டை அவிழ்த்தார். "இனிமே சார் வேண்டாம், மாப்பிள்ளை. மாமான்னு கூப்பிடுங்க. எங்க குடும்பத்தைத் தவிர யாரும் தொடாத கறி இது. எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

மகள் இருமினாள். இன்னும் பலமாக இருமினாள்.

மாப்பிள்ளை சந்தோஷத்தில் எதையும் கவனிக்கவில்லை. "ஆறு மாசமா சனிக்கிழமை தவறாம சாப்பிடுறதுதானே மாமா. உங்க பொண்ணு டப்பாவுல கொண்டுவந்து தருவா."

கறிக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். நாலாவது தட்டைப் பார்த்தார். ஒரு மாட்டுக்கு ஒரு துண்டு. தண்ணீர்ச் செம்போடு வந்து நின்ற மனைவி பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"அப்போ ஆறு மாசமா நான் சாப்பிட்டது?"

மனைவி செம்பை அவர் முன்னால் வைத்தாள்.

"மூணாவது தட்டுல இருக்கே, அதுதாங்க."