செக்-இன்னா, செக்கிங்கா?

அன்று எப்படியும் ஒரு திருடன் அகப்பட்டாக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார் விடுதியின் வரவேற்பாளர்.

ஒரே மாதத்தில் நான்கு அறைகளில் விருந்தினர்களின் நகையும் கைக்கடிகாரமும் காணாமற் போயிருந்தன. "சாயங்காலத்துக்குள்ள ஆள் யாருன்னு தெரியலைன்னா, உங்களையும் சேர்த்துத்தான் போலீஸ் விசாரிக்கும்" என்று முதலாளி காலையிலேயே தொலைபேசியில் பொரிந்து தள்ளியிருந்தார்.

ஆகவே, கசங்கிய சட்டையும் வெறுங்கையுமாக அந்த ஆள் உள்ளே நுழைந்ததும் வரவேற்பாளரின் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"வணக்கம் சார். செக்கிங்குக்கு வந்திருக்கேன்."

வரவேற்பாளர் முகத்தைச் சுளித்தார். பணியாளர்கள் அவருக்கு 'இலக்கணம்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? திருடனாகவே இருக்கட்டும், அதற்காகச் சொல்லைச் சிதைக்கலாமா?

"செக்கிங் இல்ல சார், செக்-இன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எது, ஒண்ணா? செக்கிங்னா சோதனை போடுறது. செக்-இன்னா, வந்துட்டேன்னு பேரைப் பதிஞ்சுக்கிறது. 'ன்' இருக்க வேண்டிய இடத்துல 'ங்' வந்து உக்காந்தா அர்த்தமே கவுந்துடும்!"

"ஓகோ! அது இருக்கட்டும், பின்பக்கக் கதவு பூட்டியிருக்குமா?"

"திறந்துதான் இருக்கும்" என்றார் வரவேற்பாளர், கண்ணை இடுக்கிக்கொண்டு. அந்த ஆள் உடனே கைப்பேசியில் யாருக்கோ எதையோ தட்டினான். கூட்டாளி வேறா!

பதிவேட்டைத் தேடும் சாக்கில் உள்ளறைக்குள் புகுந்து, காவல் நிலையத்தை அழைத்தார்.

"திருடன் இங்கதான் நிக்கிறான். ஓடி வாங்க. அதுவரைக்கும் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கிறேன்."

பேச்சுக் கொடுக்க அவருக்கா விஷயம் இல்லை?

"இங்கிலீஷ்ல எழுதும்போது பாருங்க, 'ஹோட்டல்ல செக் இன் பண்ணினேன்'னா அது வினை. ரெண்டு சொல்லாப் பிரிக்கணும். 'செக்-இன் நேரம்'னா அது பெயர். நடுவுல சின்னக் கோடு போட்டே ஆகணும். புரியுதா?"

"புரியுது சார். அப்போ, செக்கிங் நேரம் பன்னெண்டு மணியா?"

வரவேற்பாளர் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த ஆளும் சளைக்கவில்லை. விமான நிலையத்தில் எப்படி, பெட்டிக்கு எப்படி, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் அப்படிச் சொல்லலாமா என்று சந்தேகத்தின் மேல் சந்தேகமாகக் கேட்டான். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. இந்த மடையன் மட்டும் மாட்டிக்கொண்டால் முதலாளியின் வாய் அடைபட்டுவிடும் என்று வரவேற்பாளருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

வாசலிலேயே விழி பதித்திருந்தார். ஆனால், பின்பக்கக் கதவு வழியாக எப்போதோ உள்ளே வந்துவிட்டிருந்த காவலர்கள் இருவர் மாடிப்படியில் இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில், மாடியில் வரவேற்பாளர் தங்கியிருந்த அறையின் தலையணை. அதற்குள் ஏதோ கலகலத்தது.

"முடிஞ்சுதா?" என்றார் அந்த ஆள், முதுகை நிமிர்த்தி.

"முடிஞ்சுது இன்ஸ்பெக்டர் ஐயா. நாலு ரூம் பொருளும் இவர் தலையணைக்குள்ளயே பத்திரமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் வரவேற்பாளரின் தோளில் அன்பாகக் கை போட்டார்.

"நான் சொன்னதுல பிழையே இல்ல சார். இங்க நடந்தது செக்கிங்தான். செக்-இன் இனிமேதான், ஸ்டேஷன்ல, உங்க பேர்ல."