நிகழ்காலத்தில் ஐந்து வாக்கியங்கள்

"'மை ஹஸ்பெண்ட் வொர்க்ட் இன் குர்லா' தப்பு. 'வொர்க்ஸ்'னு வரணும். இப்பவும் அங்கதானே வேலை பாக்கறார்?"

"முந்தாநாள் வரைக்கும் போனாரு டீச்சர்," என்றாள் முப்பிடாதியம்மாள்.

ரஞ்சனா சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் திருத்தினாள். மாதுங்காவிலிருந்து வந்து, தாராவியில் ஒரு தையல் பட்டறையின் மாடியில் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். பதினொரு மணி வகுப்புக்கு முப்பிடாதி ஒன்பதரைக்கே வந்து படியில் காத்திருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

குடும்பத்தில் ஒருவரைப் பற்றி நிகழ்காலத்தில் ஐந்து வாக்கியங்கள். போன வாரம் கொடுத்த வீட்டுப்பாடம். முப்பிடாதி எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் எழுதியிருந்தாள்.

"ஒரு பிழைகூட இருக்கக் கூடாது டீச்சர். இன்னிக்கே வேணும்."

நான்காவது வாக்கியத்தில் ரஞ்சனாவின் பேனா நின்றது. 'ஹி பீட் மீ எவ்ரி டே.'

"அடிக்கறாரா?"

"இங்கிலீஷ மட்டும் பாருங்க."

ரஞ்சனா மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். "இப்பவும் அடிக்கறார்னா 'பீட்ஸ்'. எஸ் சேர்க்கணும்."

"முன்ன அடிச்சாரு, இப்ப இல்லன்னா?"

"'யூஸ்ட் டு பீட்'. அந்தப் பழக்கம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

"அதயே எழுதுங்க."

"அப்பாடா. திருந்திட்டாரா?"

முப்பிடாதி வளையல்களுக்குக் கீழே கன்றியிருந்த மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கடைசி வாக்கியம்: 'ஹி டிட் நாட் வேக் அப்.'

"இதையும் மாத்தணும். 'ஹி டஸ் நாட் வேக் அப்.' எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாரோ?"

"எத்தனையோ தடவ எழுப்பிப் பாத்துட்டேன்."

ரஞ்சனா 'டிட்'டின் மேல் கோடு போடக் குனிந்தாள். முப்பிடாதி பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"வேண்டாம் டீச்சர், நான் எழுதுனதுதான் சரி. இது வீட்டுப்பாடம் இல்ல. போலீஸ் சௌக்கில குடுக்கணும், தமிழ்ல எழுதுனா அங்க படிக்க ஆள் இல்ல," என்றாள் நிதானமாக. "நான் என்ன செஞ்சேன்னு ஆறாவதா ஒண்ணு எழுதணும், அதுக்குத்தான் இங்கிலீஷ்ல வார்த்தை தெரியல."