இரண்டாவது மைக்

மேடையில் தலைவர் பேசும்போது, பக்கத்து மைக்கில் நின்று அதைத் தமிழில் சொல்பவரின் முகத்தை நீங்கள் என்றாவது பார்த்திருக்கிறீர்களா?

யாரும் பார்ப்பதில்லை.

அவளையும் பார்க்கவில்லை.

தலைவர் டெல்லிக்காரர். மூன்று வாக்கியம் இந்தியில் பேசுவார், நிறுத்துவார். அவள் தமிழில் சொல்வாள். அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அவர் குரல் ஏறினால் இவள் குரலும் ஏற வேண்டும்.

சொல்லக்கூடாததை விட்டுவிட வேண்டும்.

இதை யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. முந்தின ஊரில் அவர், புளியையும் சோற்றையும் தின்றால் உடம்பில் தெம்பு எங்கிருந்து வரும் என்று வேடிக்கையாகக் கேட்டார். வெயிலுக்கு அஞ்சாத உழைப்பாளிகள் நீங்கள் என்று இவள் சொன்னாள். விசில் பறந்தது.

"அவர் பேசுறதவிட நீங்க பேசுறதுதான் மேடம் நல்லாருக்கு" என்றார் மாவட்டச் செயலாளர் திரவியம். "நீங்க எலெக்‌ஷன்ல நில்லுங்க, எங்க வீட்டு ஓட்டு பூரா உங்களுக்குத்தான்."

இன்று மேடையில் பேச்சியம்மாள் இருந்தாள்.

பேச்சியம்மாளின் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவளை மூன்று பேர் மறித்துக் கருவேலங்காட்டுக்குள் இழுத்துப் போயிருந்தார்கள். இருவர் பிடிபட்டார்கள். மூன்றாவது பையனின் அப்பா கட்சியில் பழைய ஆள். அந்தப் பையனைத் தேடிக்கொண்டிருப்பதாகப் போலீஸ் சொன்னது.

தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனையும் பிடித்துவிடுவார்கள். திரவியம் இப்படிச் சொல்லித்தான் பேச்சியம்மாளைக் கூட்டி வந்திருந்தார்.

தொடக்கத்தில் வரிசையாகப் பொன்னாடை போட்டார்கள். பெயர் வாசித்தவர் அதே உற்சாகத்தில் பேச்சியம்மாளின் பெயரையும் வாசித்தார். அவளுக்கும் போட்டார்கள். கை தட்டினார்கள். சரிகை தோளில் நிற்காமல் வழுக்கியது. எடுப்பதா, போட்டுக்கொண்டே இருப்பதா என்று தெரியாமல் பேச்சியம்மாள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் எழுந்தபோது அவள் மெல்ல வந்து, மொழிபெயர்க்க நின்றவளின் முழங்கையைத் தொட்டாள்.

"எனக்கு அவுக பேச்சு வெளங்காது தாயி. எம் மகளப் பத்தி என்ன சொன்னாலும் அப்படியே சொல்லிரு. ஒண்ணையும் விட்றாத."

சரி என்று இவள் தலையாட்டினாள்.

தலைவர் சாலைகளைப் பற்றிப் பேசினார். குடிதண்ணீரைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். நெஞ்சில் கை வைத்தார்.

பெண் என்பவள் தெய்வம் என்றார், இந்தியில். தெய்வம் கோயிலுக்குள் இருக்கிறவரைக்கும்தான் பூசை. இருட்டில் தெருவுக்கு வந்துவிட்டால் அரசாங்கம் என்ன செய்யும்? அந்தப் பையன்களையும் ஒரு தாய்தான் பெற்றிருக்கிறாள். அவர்கள் வாழ்க்கையும் கெட வேண்டுமா? இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம்.

நிறுத்தினார். கண்ணோரத்தைத் துடைத்தார்.

அந்தக் குரலுக்கே முன்வரிசை கை தட்டத் தொடங்கியது.

பேச்சியம்மாள் அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். கண்ணில் நீர் நின்றது.

இனி இவள் சொல்ல வேண்டும்.

ஒரு தாயின் வேதனை எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். குற்றவாளிகள் யாராக இருந்தாலும் தப்ப முடியாது என்று சொல்லலாம். இரண்டு வாக்கியமும் நாக்கில் தயாராக இருந்தன.

திரவியம் மேடைக்குக் கீழிருந்து விரலைச் சுழற்றினார். சொல்லுங்க, சொல்லுங்க.

சொன்னாள்.

தெய்வத்தைச் சொன்னாள். கோயிலைச் சொன்னாள். இருட்டைச் சொன்னாள். பையன்களின் வாழ்க்கையைச் சொன்னாள். உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம் என்றதையும் சொன்னாள். குரலை ஏற்றவில்லை. இறக்கவும் இல்லை.

கைதட்டல் பாதியில் நின்றது.

மைதானத்தின் கடைசியில் சுண்டல் விற்கிறவர் கூவியது மேடை வரைக்கும் கேட்டது.

பேச்சியம்மாளின் கைகள் கூப்பியபடியே இருந்தன.

பிறகு ஒரு கை இறங்கியது. அப்புறம் இன்னொன்று.

தலைவர் சிரிப்பு மாறாமல் இவள் பக்கம் சாய்ந்தார். என்ன ஆயிற்று, ஏன் யாரும் கை தட்டவில்லை என்று இந்தியில் கேட்டார்.

அவள் மைக்குக்குத் திரும்பினாள்.

"ஏன் யாரும் கை தட்டவில்லை என்று கேட்கிறார்."

மைக் செத்தது.

திரவியம் படியேறி ஓடி வந்தார். "என்ன மேடம், வெளையாடுறீங்களா? எந்த இடத்துல நின்னு என்ன பேசுறீங்க?"

பேச்சியம்மாள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"அவுககிட்டச் சொல்லு தாயி. எம் மக ஊர் சுத்தப் போகல. ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா."

இவள் அதை இந்தியில் சொன்னாள். மைக் இல்லாமல், அரை அடி முன்னால் வந்து.

தலைவர் கேட்டுக்கொண்டார். இரண்டு முறை தலையாட்டினார். கேமராக்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை கட்சி அறிக்கை வெளியிட்டது. தலைவர் அப்படி எதுவும் பேசவில்லை, மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை என்று.

அதே காலையில் திரவியம், மூன்றாவது பையனின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் ஒரு பை ஆப்பிள். உட்கார்ந்து பேசத்தான்.

பேச்சியம்மாள் வார்டு வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.