ஐந்தாவது இஸ்பேட்

"நீ தோத்தா ஷெட்டுப் பேச்சை இன்னையோட விட்டுடணும். சரியா?" என்றார் காத்தமுத்து.

மகாலட்சுமி சரி என்று சொல்லவில்லை. "நான் ஜெயிச்சா நீங்க மனசார ஆசீர்வாதம் பண்ணணும். அது போதும்" என்று சீட்டைக் கலைத்தாள்.

காட்டூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் போக்கர்தான். காத்தமுத்து, அவர் மகள், அவரோடு ஒரே நாளில் ரிட்டயரான பஷீர் அகமது, ஆக மூன்றே பேர். புளியங்கொட்டைதான் பந்தயம் என்றாலும், ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்பது காத்தமுத்துவின் சட்டம்.

அப்பா வேலை பார்த்த அதே ஃபேக்டரியில், டிசைன் பிரிவில், ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் மகளுக்கு நிரந்தர வேலை. ஊரில் அவனவன் தவம் கிடக்கிறான். அதை உதறிவிட்டுத் துவாக்குடியில் வெல்டிங் ஷெட் போடுகிறாளாம்! நினைக்கும்போதே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீட்டுப் போட்ட மகளின் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மறுபடியும் ஸ்கூட்டரை நோண்டியிருப்பாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

அவர் கைக்கு வந்த இரண்டு சீட்டும் ராஜா. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் திருப்பிய மூன்றில் இன்னொரு ராஜா; மற்ற இரண்டும் இஸ்பேட். மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு கொட்டைகளைத் தள்ளினார்.

"நமக்குச் சரிப்படாது" என்று பஷீர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். மகாலட்சுமி ஏற்றவும் இல்லை, விலகவும் இல்லை. அப்பா கட்டியதற்குச் சரியாகக் கட்டினாள்.

காத்தமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. கையில் இரண்டு இஸ்பேட், நடுவில் இரண்டு. ஐந்தாவது வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிடும்; அவருடைய மூன்று ராஜாவும் அதன் முன் செல்லாது. அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

"நாலஞ்சு பேர் கட்டுற ஆட்டத்துல வராத சீட்டுக்குக் காத்திருக்கலாம், வந்தா அள்ளலாம். ரெண்டே பேர் மோதுறப்ப அது வீண் வம்பு. கவுத்துடு மகா!"

"கவுக்க மாட்டேன்பா."

நடுவில் திருப்பிய நாலாவது சீட்டு டைமன். அவர் கட்டினார், அவளும் கட்டினாள். கடைசிச் சீட்டும் சிவப்பு. அப்போதும் அவள் அசராமல் ஒரு மடங்கு ஏற்றினாள்!

"பூச்சாண்டி காட்டுறியா? நம்ம ஆட்டத்துல இதுக்கு மேல உன்னால ஏத்த முடியாது. நான் ஏன் பயப்படணும்?" என்று ஈடு கட்டி, மூன்று ராஜாவையும் பரப்பினார்.

அவள் விரித்தாள். ஆஸ், ஜாக்கி, இரண்டும் இஸ்பேட். மொத்தத்தில் நாலுதான்.

காத்தமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா பாய்? கை சேராமயே கட்டுறா! சீட்டுலயும் இப்படித்தான், வாழ்க்கையிலயும் இப்படித்தான்."

"கொழந்த மொகம் வாடிடுச்சு, விடுங்க காத்தமுத்து" என்றார் பஷீர்.

வாடத்தான் செய்தது. அந்த ஆசீர்வாதத்துக்காக அவள் மனதார ஏங்கியிருந்தாள். ஆனாலும் தலையை நிமிர்த்தி அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"உங்க வாழ்த்தோட போகணும்னு ஆசைப்பட்டேன்பா. கெடைக்கல. பரவாயில்ல."

"எங்கடி போவே? ஷெட்டு ஷெட்டுங்கிறியே, கையில ஒரே ஒரு ஆர்டராவது இருக்கா?"

"இப்ப இல்லப்பா. முதல் ஆர்டரைப் போன வாரமே முடிச்சு லாரியில ஏத்திட்டேன்."