காய்ந்த குருத்தோலை

அமலோற்பவம் வீட்டு இயேசு படத்துக்குப் பின்னால், போன வருஷம் குருத்தோலை ஞாயிறு பவனியில் அவள் ஏந்திவந்த ஓலை ஒன்று காய்ந்து சுருண்டு கிடந்தது.

"பவனியில ஓசன்னான்னு என்னமா ஆடினேன்! இப்போ ஒரு ஜெபம்கூட வரமாட்டேங்குது," என்று பல்லியிடம் அழுதது.

"அப்போ உனக்கு அடுப்புதான் கதி," என்றது பல்லி.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கியது. எரித்துச் சாம்பலாக்கப் பழைய குருத்தோலைகளைக் கோயிலில் கேட்டார்கள். அமலோற்பவம் ஓலையை உருவிக்கொண்டு போனபோது, பல்லி வாசல் நிலைவரை பின்னாலேயே ஓடியது.

புதனன்று அவள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு திரும்பினாள். அந்தச் சிலுவையிலிருந்து ஒரே கூச்சல்:

"பல்லி, ஏய் பல்லி! நான்தான்! பச்சை ஓலையைச் சீண்டவே இல்ல, காய்ஞ்சதைத்தான் தேடித்தேடி வாங்கினாங்க! போன வருஷம் இவ கையில இருந்தேன். இப்போ பாரு, நெத்தியில!"